எந்த ர

படி ஏறி வந்ததற்கே மூச்சு இரைக்கிறது, இதில் நான் போய் யாரோடு சண்டை போட. உட்காருங்கம்மா, ரெண்டே பக்கம், முடிச்சிட்டு வந்துடுறேன் என்று சொல்லிவிட்டு முத்துக்கறுப்பன் சார் உள்ளறைக்குள் போய்விட்டார். அவருடைய ரெண்டே பக்கம் எனக்குத் தெரியும், ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். நல்லதுதான். ஒத்திகை பார்த்ததை இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன். முதலில் உடம்பு எப்படி இருக்கு சார். அப்புறம் அவர் சம்சாரம் ஆச்சியின் முழங்கால். அப்புறம் மெதுவாக, கம்பிக் கதவு நாவலை நீங்க போட்டு ரொம்ப வருஷமாச்சு சார், இப்ப இங்கிலீஷ்ல கேக்கிறாங்க, உரிமையைத் திருப்பி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும். இந்த இடத்தில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சரி என்றால் கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மாட்டேன் என்றால் மட்டும் அதை எடுக்க வேண்டும். அது என்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக மடியில் கட்டிக்கொண்டு திரிகிறேன். தன் பெயருக்கு நடுவில் பெரிய ற போட்டுத்தான் எழுதுவார் மனுஷர், கறுப்பு என்பதுதான் சரி, ஊரெல்லாம் கருப்பு என்று எழுதினால் நானும் எழுதணுமா என்று போன் கம்பெனிக்காரனிடம்கூட மல்லுக்கு நின்றவர். அப்பேர்ப்பட்டவர்தான் என் கடைசி வரியில், வேண்டாம், இப்போதே அதை நினைத்தால் ரத்தம் கொதிக்கும். ஃபேன் கடகடவென்று ஒரு பக்கமாகவே சுற்றுகிறது. பசை வாடையும் புதுக் காகித வாடையும் சேர்ந்து அடிக்கிறது. இந்த வாடைக்கு ஒரு காலத்தில் நான் உறையூர் வரைக்கும் நடந்தே வந்திருக்கிறேன், இன்றைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க மேம் என்றாள் தாரிணி. பெங்களூரில் வளர்ந்த பெண், தமிழ் பேசுவாள், படிக்க வராது, அதைக் கூச்சப்படாமல் சொல்கிற பெண். அவள்தான் ஏஜென்ட். புத்தகத்துக்கு ஏஜென்ட். எல்ஐசி ஏஜென்ட் தெரியும், கேஸ் ஏஜென்ட் தெரியும், துபாய்க்கு ஆள் அனுப்புற ஏஜென்ட்கூடத் தெரியும், கதைக்குமாடி ஏஜென்ட், உன் கதையை எந்த ஊருக்கு அனுப்பி எந்த முதலாளிகிட்ட பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கப் போறாங்க என்று மெஹருன்னிசா கேட்டாள், தொலைபேசி ஆபீசில் என்னோடு குப்பை கொட்டியவள், இப்போது ரிட்டயர்டாகி வாய் மட்டும் ஆகாதவள். சிரித்தேன். ஆனால் அன்றைக்குப் பூராவும் அந்தப் பாஸ்போர்ட் என்னை விடவில்லை. தாரிணி கேட்பது அதுதானே. எல்லாம் ஒரு கையில இருக்கணும் மேம், பழசு ஒருத்தர்கிட்ட புதுசு ஒருத்தர்கிட்டன்னா விக்க முடியாது, தமிழையும் பெரிய இடத்துல மாத்தித் தரேன். லண்டனில் ஒரு அம்மாள் கம்பிக் கதவின் மொழிபெயர்ப்பில் கொஞ்சம் படித்துவிட்டுக் கடைசி வரியில் அழுதாளாம். அந்தக் கடைசி வரிதான் மேம் எல்லாமே, ஃபாதர் ரிலென்டட், அப்பா மனசு இளகிடுறார், கூஸ்பம்ப்ஸ். போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் ம் என்றேன். மறுபடியும் ம். அது நான் எழுதின வரி இல்லையடி பெண்ணே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை முழுங்கினேன், முழுங்குவது எனக்குப் பழக்கம்தான். லண்டன் என்றதும் எனக்குள் என்னமோ எழுந்து உட்கார்ந்துகொண்டது, அதையும் சொல்லத்தானே வேண்டும். சர்க்கரை, பிரஷர், ஒரு கண்ணில் புரை. இனிமேல் எத்தனை எழுதப் போகிறேன். நான் போன பிறகு இந்தப் பெயர் உறையூர் மாடியில் கட்டுக் கட்டாகக் கிடந்து கரையான் திங்கணுமா. பையில் புதுசு இருக்கிறது, என் புருஷன் அருளுடைய கடைசி மாதங்களை எழுதியிருக்கிறேன், ஆஸ்பத்திரி, டயாலிசிஸ், அந்த மிஷின் சத்தம், எல்லாம். கொண்டுவந்திருக்கவே வேண்டாம். எதற்காகத் தூக்கி வந்தேன். வீட்டில் வைத்துவிட்டு வரக் கை வரவில்லை. ஜிப்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், பஸ்ஸில் பிக்பாக்கெட்டுக்குப் பயந்தவள் மாதிரி.

உள்ளே படிக்கிறார்கள். ஆச்சி வாய்விட்டுப் படிக்க, சார் அச்சடித்த தாளில் விரலை ஓட்டிக்கொண்டே போவார், எழுத்தாளர் கொடுத்ததும் அச்சில் வந்ததும் ஒன்றுதானா என்று பார்க்க. கம்ப்யூட்டர் வந்தும் அதை விடவில்லை. இத்தனை புத்தகம் போட்டிருக்கிறார், ஒரு தடவைகூட நான் உட்கார்ந்து கேட்டதில்லை, எப்போதும் ஆபீசுக்கு ஓட்டம், வருவது புஸ்தகக் கட்டை வாங்க மட்டும்தான். யாரோ ஒரு தாசில்தாரின் வாழ்க்கைக் கதை போலிருக்கிறது. நான் முசிறியில் பொறுப்பேற்றபோது கமா என் தாயார் உடல் நலிந்திருந்தார் புள்ளி புது பாரா. ஆச்சியின் குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. தாயார் செத்தாலும் புள்ளி, மாடு கன்று போட்டாலும் புள்ளி. என் கதைகளையும் இப்படித்தான் படித்திருப்பாள், நான் அழுது அழுது எழுதினதையெல்லாம் கமா புள்ளி பாரா என்று. இவர்களை விட்டுப் போக என்ன காரணம் சொல்வாய் என்று மெஹருன்னிசா கேட்டாளே, காசு விஷயத்தில் நாணயம், கேட்பதற்கு முன்னால் வந்துவிடும். அருள் போனபோது சார் வந்தார். வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார், கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்து வந்தார், எங்கள் வழக்கம் தெரியாமல் எல்லோரும் மண் போடும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கட்டி நின்றார். என் பக்கத்து மனுஷர்களில் அவ்வளவு தூரம் வந்தது அவர் ஒருத்தர்தான். என் தம்பி மாலையைக் கொடுத்துவிட்டு ஸ்டேண்டில் போட்ட வண்டி என்று கிளம்பிவிட்டான். அதற்காக. அதற்காக ஒருத்தர் செய்த தப்பு இல்லை என்று ஆகிவிடுமா. என் அப்பாவை மாற்றிவிட்டார் இவர். ஒரே எழுத்தில்.

பொன்மலை வீடு. மாடிப்படி வெளிப்பக்கமாக ஏறும், கீழே படி முடிகிற இடத்தில் தெருவைப் பார்த்துக் கம்பிக் கதவு. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கொஞ்ச நாள் ஒளிந்துகிடந்துவிட்டு, போய்க் காலில் விழுந்துவிடலாம் வசு, பெத்தவர்தானே என்று அருள் கூப்பிட்டுக்கொண்டு போனான். வேதக்காரப் பையன், கான்வென்ட்டில் டிராயிங் மாஸ்டர், எங்கப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வைத்ததுதான் சட்டம் என்று இருந்தவர். நல்ல வெயில். நான் கதவுக்கு உள்ளே முதல் படிக்குப் பக்கத்தில் நின்றேன். அருள் வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கம், வண்டியைப் பிடித்துக்கொண்டு. நிழல் என் காலுக்குள் சுருண்டு கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே கதவு திறந்த சத்தம். செருப்புச் சத்தம் வருகிறது, ஒவ்வொரு படியாக. வருகிறார், வந்துவிட்டார், அப்பா என்று கூப்பிட்டால் போதும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாய் திறக்கவில்லை. அவருடைய கை மட்டும் தெரிந்தது. கையில் பூட்டு. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் பின்னால் பின்னால் நகர்ந்து கேட்டுக்கு வெளியே வந்துவிட்டேன், அவர் தள்ளவில்லை, நானாகத்தான் நகர்ந்தேன், கம்பிக் கதவை இழுத்தார், பூட்டினார், திரும்பி ஏறிப் போனார். ஒரு வார்த்தை இல்லை. இதைத்தான் எழுதினேன். பூட்டினார் என்றுகூட எழுதவில்லை, அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். கையில் பூட்டு இருந்தது. அப்பா இறங்கினார். முடிந்தது நாவல். படியில் இறங்கினார் என்பதற்குப் பெரிய ற. புத்தகம் அச்சாகி வருகிறது, கடைசிப் பக்கத்தைப் பிரிக்கிறேன், சின்ன ர. அப்பா இரங்கினார். மனம் இரங்கினார். பூட்டோடு வந்தவர் இரங்கிவிட்டாராம். சொல்லும்போது ரெண்டும் ஒரே சத்தம், எழுதும்போது ஆள் தலைகீழாக மாறிவிடுகிறார். நான் அன்றைக்குப் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். படிச்சுப் பாக்குறாங்களாம், வாய்விட்டுப் படிச்சா எந்த ரன்னு எப்படிடா தெரியும், முட்டாப் பசங்க, இப்பவே போன் போடுறேன் என்று குதித்தேன். அருள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நல்லாத்தானே இருக்கு வசு, இருக்கட்டுமே, அவங்களைத் திட்டாதே என்றான். உனக்கென்ன, உனக்கு ர வும் ஒண்ணு ற வும் ஒண்ணு என்றேன். உண்மைதான், மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட அவன் எழுதி மாட்டின போர்டில் இரண்டு அரை, ஒரு சமையலரை என்று இருந்தது, ரெண்டு அரை சேந்தா ஒண்ணு, ஒரே ரூம்தான்னு நினைச்சுத் திரும்பிப் போயிடப் போறாங்க என்று நாளெல்லாம் கேலி பண்ணினேன். சிரித்தான். புத்தகத்தைப் பார்த்த அன்றைக்குச் சிரிக்கவில்லை. பால் வாங்கிட்டு வரேன் என்று வெளியே போய்விட்டான், வீட்டில் பால் இருந்தது.

உடனே போன் போட்டிருக்க வேண்டியதுதான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை ஒருத்தர் கூப்பிட்டு, அம்மா, அந்தக் கடைசிச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை என்றார். அப்புறம் பத்திரிகைகளில் எழுதினார்கள். பூட்டும் இரக்கமும் அடுத்தடுத்த இரு வரிகளில் என்று ஒரு பேராசிரியர் பக்கம் பக்கமாக எழுதினார். காலேஜில் பாடமாக வைத்தார்கள். அப்பா ஏன் இரங்கினார், விளக்குக. கேள்வித்தாளில் வந்தது. எனக்கே தெரியாது, பிள்ளைகள் என்ன எழுதினார்களோ. இப்படித்தான் அது என் வாயை அடைத்துவிட்டது, நான் பொய் சொல்லவில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பாராட்டுக்கும் கும்பிடு போடும்போது உள்ளே எரியும். என் வலிக்குக் கிடைத்த பாராட்டு இல்லை அது, ஆச்சியின் காதுக்குக் கிடைத்தது. அப்பா மட்டும் அதைப் படிக்காமல் இருந்திருந்தால். படித்தார். அவர் செத்த அன்றைக்குத்தான் தெரியும், அன்றைக்கும் நான் கம்பிக் கதவுக்கு வெளியேதான், தம்பி வந்து பக்கத்தில் நின்று, அக்கா, அப்பா உன் புக்கைப் படிச்சார் என்றான். என்னடா சொன்னார். ஒண்ணும் சொல்லலை, நான் எப்படா எறங்குனேன்னு கேட்டார். அவ்வளவுதான். அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் எப்படா எறங்குனேன். எந்த எறங்குனேன். பெரிய ற என்றால், அப்பா, நீங்கள் இறங்கினீர்கள், நான் நின்றேன், கையில் பூட்டு, அதைப் பொய் என்கிறீர்களா. சின்ன ர என்றால் அவர் யோக்கியர், இரங்கவில்லை, இரங்காததை இரங்கினதாக மகள் எழுதிவிட்டாளே என்று கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்டாராடா, வருத்தமாகக் கேட்டாராடா. தம்பியிடம் அப்புறம் எத்தனையோ தடவை கேட்டேன். சும்மாத்தாங்கா கேட்டார், சாப்பிட்டுக்கிட்டே கேட்டார் என்கிறான். இந்தத் தப்பு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். வேறு எதையாவது கேட்டிருப்பார். என்னையே கூப்பிட்டுக் கேட்டிருப்பார், திட்டவாவது கூப்பிட்டிருப்பார். இப்போது லண்டன்காரி அழுகிறாள். இங்கிலீஷில் இந்தக் குழப்பமே கிடையாது, அங்கே இறங்குவது வேறு சொல், இரங்குவது வேறு சொல். தாரிணியிடம் ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும், என் அப்பா ஒரு பாஷையிலாவது நிஜமாக நடந்துகொள்வார். சொன்னால் லண்டன் போய்விடும். போகட்டுமே. போகட்டும் என்று சொல்ல வரவில்லையே.

ஆற்றின் கரையில் கமா, சின்ன ர. என்ன சொன்னாள். அவருடைய வேட்டியில் கறை கமா, பெரிய ற. ஆச்சி மேலே படித்துக்கொண்டே போகிறாள், அறையை விட்டு, பெரிய ற, வெளியேறினேன் புள்ளி. என் காது நன்றாகத்தான் இருக்கிறது. எந்த ர என்று சொல்லிச் சொல்லிப் படிக்கிறாள். சந்தேகம் வருகிற சொல்லில் எல்லாம் சொல்கிறாள். இதை எப்போது ஆரம்பித்தார்கள். என் புத்தகத்துக்கு அப்புறம்தான், வேறே எப்போது. அப்படியென்றால் தெரியும். தப்பு விட்டது இவர்களுக்குத் தெரியும், தெரிந்துதான் அடுத்த புத்தகத்திலிருந்து உஷாராகிவிட்டார்கள், தெரிந்தேதான் பதிப்புக்கு மேல் பதிப்பாக அந்தச் சின்ன ர வையே போட்டுக்கொண்டு, வருஷா வருஷம் பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டு, அருளின் சாவுக்கு வந்து கை கட்டி நின்றுகொண்டு. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள். உடம்பு எப்படி இருக்கு சார், ஆச்சிக்கு முழங்கால் எப்படி சார், நன்றாகத்தான் நான் கேட்பேன். உள்ளே நாற்காலியை நகர்த்துகிறார்கள்.

"ரொம்ப நேரம் உக்கார வச்சிட்டேனா" என்று சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஆச்சி, சுவரைப் பிடித்துக்கொண்டு. வள்ளியம்மை, வசுமதிம்மாவுக்குக் காப்பி என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒத்திகையெல்லாம் போன இடம் தெரியவில்லை. "என் புஸ்தகத்தையெல்லாம் எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க சார்." அவர் உட்காரப் போனவர் உட்காரவில்லை. "எதைம்மா?" "எல்லாத்தையும். ஒரு ஏஜென்ட் எடுத்து நடத்தறேன்னு சொல்றாங்க. இங்கிலீஷ்ல வருது." "நல்ல விஷயம்தானேம்மா" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் மனவருத்தமா?" என்று கேட்டார். அதைக் கேட்டிருக்கவே கூடாது அவர். "கம்பிக் கதவுல கடைசி வரியை மாத்திப் போட்டீங்களே, அது மனவருத்தமாத் தெரியலையா உங்களுக்கு. நான் எழுதினது பெரிய ற. படியில இறங்கினார். நீங்க சின்ன ர போட்டு எங்கப்பாவை இரங்க வச்சிட்டீங்க. எங்கப்பா இரங்கலை சார். கேட்டைப் பூட்டிட்டுப் போனார். உள்ள இப்ப அந்த ர இந்த றன்னு சொல்லிச் சொல்லிப் படிக்கிறீங்களே, என் புஸ்தகத்துக்கு மட்டும் என்ன வந்துச்சு. தெரிஞ்சுதானே இத்தனை நாள் மூடி வச்சிருக்கீங்க." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஆள்களைத் திட்டுகிற குரல். சார் ஆச்சியைத் திரும்பிப் பார்த்தார். ஆச்சி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள், முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அப்பவும் சொல்லித்தாம்மா படிச்சோம். கல்யாணம் ஆயி இந்த வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். உங்க கையெழுத்துல ரெண்டு ர வும் ஒண்ணாத்தான் இருக்கும். அந்த வரியில நான்தான் நின்னேன். எறங்குனார்னா எந்த எறங்குனார்னு இவுகளுக்கும் புரியலை. வீட்டுக்குப் போன் போட்டேன். நீங்க ட்ரெயினிங்னு மெட்ராஸ் போயிருந்தீங்க. உங்க வீட்டு சார்தான் எடுத்தார்."

அருளா. "அவருக்கு ர தெரியாது ஆச்சி" என்றேன். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. இரண்டு அரை, ஒரு சமையலரை. அவனிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள், உலகத்தில் வேறே ஆள் இல்லாமல். "தெரியாமச் சொல்லலைம்மா" என்றாள் ஆச்சி. "கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, லைன் போயிருச்சோன்னு பாத்தேன். ரெண்டுக்கும் என்ன அர்த்தம்னு கேட்டார். சொன்னேன். சின்ன ர போடுங்க ஆச்சின்னார். நல்லாக் கேட்டுட்டுச் சொல்லுங்க சார்னேன். நான் வெளியில வண்டிகிட்ட நின்னேன், அவ தலையைக் குனிஞ்சுட்டு நின்னா, அவர் முகத்தை நான்தான் பாத்தேன், சின்ன ர தான்னார். கதையில வர்றதைத்தான் ஏதோ சொல்றார்னு நினைச்சேன். நீங்க வந்தப்புறம் உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். விட்டுப்போச்சு." விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருள் முகத்தைப் பார்த்திருக்கிறான். என்ன பார்த்தான். பூட்டும்போது அப்பா அழுதாரா, உதடு துடித்ததா, நான் கூப்பிடுவேன் என்று ஒரு நொடி நின்றாரா. அன்றைக்கு வண்டியில் திரும்பி வரும்போது சொல்லியிருக்கலாம். சொன்னானோ என்னமோ, நான் பின்னால் உட்கார்ந்து அப்பாவைச் சபித்துக்கொண்டே வந்தேன், அவன் ஏதோ சொல்ல வந்தபோது வாயை மூடிட்டு ஓட்டு என்றது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் வாழ்நாள் பூராவும் அதைப் பற்றிப் பேச விட்டேனா அவனை. அல்லது எதையுமே பார்க்கவில்லையா. எனக்கு ஒரு அப்பா இருக்கட்டும் என்று, சின்ன ர வையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று, ஆளில்லாத வீட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு பொய்யைச் சொன்னானா. கேட்க முடியாது. டயாலிசிஸ் மிஷினுக்குப் பக்கத்தில் எத்தனை மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அப்போது கேட்டிருக்கலாம், கேட்க ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. பையில் இருக்கிற இந்தப் புதுக் கட்டில் அவனைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேனே, அதில் இது இல்லை.

"அது கிடக்கட்டும்" என்றார் சார். "உரிமை உங்களுதும்மா. நாளைக்கே எழுதி அனுப்பிடுறேன். பெரிய இடத்துல நல்லாப் போடுவாங்க." சண்டை போடுவார் என்று நினைத்தேன். ஒரு மறுப்பு, ஒரு கெஞ்சல், என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க என்று ஒரு குற்றச்சாட்டு, எதற்கும் தயாராக வந்திருந்தேன், இதற்கு மட்டும் வரவில்லை. அவர் என் பையைப் பார்த்தார். ஜிப்பைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். "புதுசா?" என்று கேட்டார். "ம்." "உங்க வீட்டு சாரைப் பத்தியா?" "ம்." ஆச்சி மெதுவாகக் கையை நீட்டினாள், வாங்குவதற்கா, எழுந்திருக்கத் தாங்குவதற்கா, தெரியவில்லை. ஜிப்பை இழுத்தால் போதும். இந்தாங்க, நீங்களே படிங்க, கமா புள்ளி பாரா போட்டு இவனையும் படிங்க, எந்த ர என்று சந்தேகம் வந்தால் இனிமேல் என்னைத்தான் கேட்கணும், அவன் இல்லை. இதைச் சொன்னால் போதும். நெஞ்சு பூராவும் அதுதான் இருக்கிறது. இருங்க என்று அவர்களில் ஒருத்தர் சொல்லிவிட்டால் உட்கார்ந்துவிடுவேன். அவர்களும் நான் ஏதாவது சொல்வேன் என்றுதான் நிற்கிறார்கள். என் முகம் இப்போது எப்படி இருக்கிறதோ, அதை அவர்கள் பார்க்கிறார்கள், கையை நான் பார்க்கிறேன். கை ஜிப்பை விடவில்லை, இழுக்கவும் இல்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று நினைத்தேன், நினைத்ததும் பயமாக இருந்தது. போன் அடித்தது. தாரிணி. நல்ல சாக்கு. காதில் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், போய்ட்டு வரேன் என்று வாய் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

படி வாசலில் நின்று பேசினேன். குடுத்துட்டாங்களா மேம். குடுத்துட்டாங்க. வாவ், சோ ஹாப்பி மேம், புது நாவலும் நம்மகிட்டதானே. நம்மகிட்டதான். அப்புறம் அந்த ட்ரான்ஸ்லேட்டர் ஒண்ணு கேட்டார் மேம், தமிழ்ல அந்த லாஸ்ட் வேர்டுக்கு வேற மீனிங்கும் வரலாமாமே, கேம் டவுனா ரிலென்டடான்னு ஒரு தடவை கன்ஃபர்ம் பண்ணச் சொன்னார். இத்தனை வருஷம் கழித்து ஒருத்தர் என்னையே கேட்கிறார். லைன் கட்டாயிடுச்சா மேம் என்றாள். இல்லை, இருக்கேன். ரிலென்டட். ஷ்யூரா மேம். அங்க நின்னவர் ஒருத்தர் சொன்னாரு, அப்படியே இருக்கட்டும் என்று போனை வைத்தேன். அருளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். பின்னால் ஆச்சி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்குப் பின்னால் சார். படி செங்குத்து, வெளிச்சம் போதாது, அவளுக்கு எப்போதும் அந்தக் கவலை. "பாத்து எறங்குங்கம்மா" என்றாள். எந்த ர என்று நின்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஒவ்வொரு படியாக நான் இறங்கினேன். பெரிய ற.